கதவு திறப்பதற்குள் அறுந்த படச்சுருள்

நான் சுந்தரமூர்த்தி. மறைந்த என் அண்ணன் கையால் வரைந்த படச்சுருளின் மீதியைத் தேடுவதே இப்பதிவின் நோக்கம்.

அண்ணன் சேலைகளுக்கு டிசைன் வரைந்தவர். அவர் இறந்தபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தும் பாராமல் காயலான் கடையில் போட்டவன் நானே.

இன்று காலை பழைய செய்தித்தாள்களுடன் சென்றபோது, கடைக்கார பாய் ஒரு பிலிம் துண்டை நீட்டினார்.

"உங்க பெட்டியில இருந்திச்சி சார். வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல."

வெயிலில் பிடித்தேன். கட்டத்துக்குக் கட்டம், வண்ணத்தில், ஒரு சிறுவன் படியேறுகிறான். அவன் முகம் மீனாகிறது, விளக்காகிறது, பிறகு முகமே இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை மட்டும் மாறவில்லை.

"அப்படியே நீங்கதான் சார்!"

இன்றும் நான் அப்படித்தான் அணிகிறேன்.

அவன் ஒரு கதவைத் தட்டுகிறான். அது திறப்பதற்குள் சுருள் அறுந்திருந்தது.

"மீதி எங்கே, பாய்?"

"தறி ரிப்பேர்காரர் எடுத்துக்கினு போய்ட்டாரு சார். தறிமேல சுத்துற ஓட்டை போட்ட டிசைன் அட்டைங்க கிழிஞ்சா ஒட்டறதுக்கு. ஊர் முழுக்க ஒட்டிக்கினு இருக்காரு."

ஆக, எனக்குக் கதவைத் திறந்தவர் யாரென்பது இவ்வூர்த் தறிகளின்மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் தறி அட்டையில் அச்சட்டை தென்பட்டால் உரித்துவிடாதீர்கள், இங்கே தெரிவியுங்கள்.

நாளை காலை, நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தின் முதல் வீட்டிலிருந்து, நான் கதவுகளைத் தட்டத் தொடங்குகிறேன்.