ஓரத்தில் ஒரு கை

கேன்வாஸில் அச்சடித்துத் தரச் சொல்லி ஆன்லைனில் அனுப்பிய என் பழைய படத்துக்காக, அந்தக் கம்பெனிப் பெண் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள். “மேடம், ஓரத்துல யாரோட கையோ குறுக்க வருது. கட் பண்ணிடலாங்களா?”

பத்து வயதில் நான் எடுத்த முதல் படம் அது. எங்களை எடுத்து எடுத்தே எதிலும் விழாமல் போனவர் அப்பா. அன்று ஸ்ரீரங்கம் படித்துறையில், வெயிலில் சுட்ட தோல் உறையோடு கேமராவை என்னிடம் தந்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றார். சும்மா நின்றாரா? கையை நீட்டி நீட்டி விரட்டினார். “பின்னால போ. இன்னும் போ.”

“பின்னால காவேரிப்பா!” கடுப்பில் பட்டனை அமுக்கிவிட்டேன். படத்தில் அம்மா முழுசாக விழுந்தாள். அப்பாவுக்குக் கை மட்டும்.

“அந்தக் கைய விட்டுட்டு எதை வேணும்னாலும் கட் பண்ணுங்க,” என்று போனில் கத்தினேன். “எங்கப்பா இருக்கிற ஒரே ஃபோட்டோ அதுதான்.”