குறி விழாத தகடு

வெல்டிங் பயிற்சிக்கூடங்களில் அந்தப் பெண்மணியை வளைப்பம்மா என்றுதான் சொல்வார்கள். அவர் வருகிறார் என்றால் பயிற்றுநர்கள் பட்டறையைக் கூட்டிப் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள். கூடங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதும், கொடுத்த பிறகு ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்ப்பதும் அவருடைய அலுவலகத்தின் வேலை. உபசரிப்பும் சுவரில் தொங்கும் பாராட்டுப் பத்திரங்களும் அவரிடம் செல்லாது. மாணவர்கள் பற்றவைத்துத் தேறிய தகடுகளில் சிலவற்றை வரவழைத்து, பின்னறையிலுள்ள அழுத்து இயந்திரத்தில் வைத்து, ஒட்டின் அடிப்பக்கம் வெளியே விரியும்படி வளைப்பார். ஒட்டு நன்றாக இருந்தால் தகடு லாடம்போல வளைந்து நிற்கும். இல்லாவிட்டால் வாயைப் பிளந்துவிடும். "தகட்டுக்குச் சிபாரிசு புரியாதுங்க" என்பது அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை. வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சிரித்ததில்லை.

அவருடைய அண்ணனும் இந்தத் தொழில்தான். ஆலையில் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பயிற்சிக்கூடத்தில் தேர்வு மதிப்பீட்டாளராக இருந்தார். பற்றவைத்த தகட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தேறினால் மூலையில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் வரிசையாக மூன்று புள்ளி குத்துவார். அதுதான் அவருடைய குறி. மனைவி போன பிறகு அந்த வேலைதான் அவரைக் காலையில் எழுப்பி, குளிக்கவைத்து, சட்டையை மாட்டி வெளியே அனுப்பியது. உறவினர் வேலையை உறவினர் சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் அண்ணன் கூடத்துத் தகடுகள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் போய்விடும். அண்ணனும் தங்கையும் அதில் கறார். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால்கூட தகட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

ஒரு நாள் பக்கத்து மேசைக்காரர் முதுகுப் பிடிப்பால் தாமதமாக வர, பெட்டிகள் மாறிவிட்டன. தகட்டில் கூடத்தின் பெயர் இருக்காது, எண் மட்டுமே. வளைப்பம்மா முதல் தகட்டை வளைத்தார். பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. எந்தப் புண்ணியவான் இதையெல்லாம் தேறவைத்தான் என்ற எரிச்சலோடு மூலையில் குறியைத் தேடினார். அங்கே இல்லை. அண்ணனின் மூன்று புள்ளிகளும் ஒட்டின் மேலேயே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிதறிக் கிடந்தன. பிளந்தது புள்ளி விழுந்த இடத்தில் அல்ல, அடியில் சரியாக உருகிச் சேராத இடத்தில்.

ஒட்டின் மேல் குறி குத்தக் கூடாது, குத்திய இடத்திலிருந்தே விரிசல் கிளம்பும் என்பது நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா? உளி முனை எங்கே விழுகிறது என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.  போன வாரம் டீ ஊற்றும்போது அண்ணன் கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்த்தது வளைப்பம்மாவுக்கு நினைவு வந்தது. கையெல்லாம் சுட்டுக்கொள்கிறாரே என்று அன்று கடிந்துகொண்டாரே தவிர, காரணத்தை யோசிக்கவில்லை.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார்.

"இது எங்க அண்ணன் பாத்த தகடு. மிச்சத்த நீங்க வளைங்க."

அவர் எல்லாவற்றையும் வளைத்து முடித்துவிட்டு, "நாளைக்குத்தான் அந்தக் கூடத்துக்குத் தகவல் போகும். அதுக்குள்ள நீங்க ஒரு எட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்துடுங்க" என்றார்.

அண்ணன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, வேலை நாள்ல வந்திருக்க?"

"கண்ணு எப்பலேருந்துண்ணா இப்படி?"

 "ஓரமெல்லாம் தெரியுது. நேரா பாத்தா நடுவுல புகை மூட்டம். இனிமே திரும்பாதுன்னுட்டார் டாக்டர்."

"அப்புறம் எப்படிண்ணா தகட்டப் பாத்த?"

"விரல்ல தடவித்தான். அது போதும்னு நெனச்சேன்." ஒட்டின் அடியில் ஓடும் மயிரிழைக் கோடு விரலுக்கு அகப்படாது என்று இருவருக்குமே தெரியும். "எவ்வளவு உடஞ்சுது?"

"பாதி."

"புள்ளைங்க வேலைக்குப் போயிட்டாங்களா?"

"சில பேர் பாய்லர் வேலைக்குப் போயிட்டாங்க. எல்லாரையும் திருப்பிக் கூப்பிடணும்."

அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டார். "இதையும் விட்டா நான் சுவத்தப் பாத்துட்டுத்தாம்மா உக்காந்திருக்கணும்."

"அதுக்காக ஊரான் புள்ள பாய்லர் முன்னாடி நிக்கணுமா?"

சொன்ன பிறகுதான் வளைப்பம்மாவுக்கு அழுகை வந்தது. சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவரிடம்போய் அதைச் சொல்லவேண்டியிருந்ததே.

மறுதேர்வு அலுவலகப் பட்டறையில் நடந்தது. பக்கத்து மேசைக்காரர்தான் நடத்தினார். வளைப்பம்மா அண்ணனுக்குத் துணையாக மட்டும் வந்திருந்தார். வந்த ஒவ்வொருவனிடமும் அண்ணன், "உன் மேல தப்பில்லப்பா, நான்தான் சரியாப் பாக்கல" என்றார். ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுகூட அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் முடித்ததும், "எனக்கும் ஒரு தகடு குடுங்க சார்" என்றார்.

முகமூடியை இறக்கிக்கொண்டு காதைச் சாய்த்துப் பற்றவைக்க உட்கார்ந்தார். எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல ஒரே சீரான சத்தம், எங்கும் தடுமாறவில்லை. ஆறியதும் பக்கத்து மேசைக்காரர் அதை வளைத்தார். லாடமாக வளைந்து நின்றது, ஒரு கீறல் இல்லை. அதை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, முடிவு சொல்ல மாணவர்களிடம் போனார்.

அண்ணன் வளைந்த இடத்தைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, கை இன்னும் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்போ நான் திரும்ப அங்க..." என்று இழுத்தார்.

பதில் தெரிந்தும் கேட்கிறாரே என்றிருந்தது வளைப்பம்மாவுக்கு. ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட உயிர் துடித்தது.

"கை தேறிடுச்சுண்ணா. ஆனா அந்த நாற்காலியில உக்காந்தா அடுத்தவன் தகட்டத்தானே பாக்கணும்."

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து தன் குறி குத்தும் உளியை எடுத்து நீட்டினார். "சரி, இதுலயாவது நீ குத்திக் குடு."

வளைப்பம்மா அதைத் தகட்டின் மூலையில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். அண்ணனின் உள்ளங்கை வந்து தகட்டை மூடியது.

"வேண்டாம்மா. அண்ணன் தகட்டுல தங்கச்சி குத்தக் கூடாது."

அன்று தேறிய தகடுகளில் குறி விழாதது அது ஒன்றுதான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை மூலையையே தடவிக்கொண்டு வந்தார் அண்ணன்.