சுக்கானடியில் புதுச் சாமான்

பழைய மோட்டர் போட்டில் புதுச் சாமான் பூட்டுகிற தொழிலில், வயர் சூடாக முன்னம் போட்டுக்காரரின் வாய் சூடாகிவிடும். வேலையும் செய்து கொடுத்துப் பேச்சும் வாங்கிக் கட்டுகிற சகோதரங்களே, தையல்காரரோ சைக்கிள் திருத்துகிறவரோ ஆராயிருந்தாலும், இதை உங்களிடம் சொல்லாமல் வேறு ஆரிடம் சொல்ல?

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பிறகு ரேடியோவும் வயரிங்கும் பழகினேன். சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்து, ஜி.பி.எஸ்., மீன் பார்க்கிற சவுண்டர் எல்லாம் முல்லைத்தீவுக் கரைக்கு வரத் தொடங்கிய காலம் அது. இராசண்ணை தன்ர பழைய போட்டின் சுக்கானடியில் எல்லாத்தையும் புதுசாகப் பூட்டித் தரச் சொன்னார். எனக்குக் கிடைத்த முதல் போட். இது சரிவந்தால் மற்றப் போட்டுக்காரரும் கூப்பிடுவார்கள். பிழையாய்ப் போனால் திரும்பவும் ரேடியோவும் டோர்ச் லைற்றும்தான்.

கால் வைக்காத வேலை

வேலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் இராசண்ணை சொல்கிறார், பொம்பிளையள் போட்டில் ஏறக்கூடாதாம், ஏறினால் மீன் படாதாம். "அப்ப நான் வயரைக் கரையில நிண்டு எறியிறதோ அண்ணை?" என்று கேட்டேன். "உம்மட மனிசனை ஏத்தும். நீர் கீழ நிண்டு சொல்லும்" என்றார்.

என்ர மனிசன் வட்டக்கச்சி வயல்காரன். வரம்பு கட்டச் சொன்னால் நூல் பிடித்ததுபோலக் கட்டுவார். வயரைக் கண்டால் அவருக்கு வியர்க்கும். அந்தப் போட்டின் பழைய வயர்களோ உப்பிலும் வெயிலிலும் கிடந்து, சிவப்பும் கறுப்பும் ஒரே நிறமாகியிருந்தன. "இஞ்சேரும், இதோ அதோ?" என்று இரண்டையும் தூக்கிக் காட்டுகிறார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நிற்கிற எனக்கு என்ன தெரியும்? அவர் முருகனை நினைத்துக்கொண்டு ஒன்றைக் கொழுவினார். டப்பென்று பியூஸ் போய்ப் புகை கிளம்பியது. இராசண்ணை அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்: "ஆம்பிளை செய்தே இப்பிடியெண்டால், நீர் செய்திருந்தா போட்டே எரிஞ்சிருக்கும் பிள்ளை."

பூசை

அடுத்த நாள் வயர் நுனிகளைக் கீழே இறக்கித் தரச் சொல்லி, மீட்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் துணி கட்டி அடையாளம் வைத்தேன். மனிசன் பிழையில்லாமல் கொழுவினார். ஜி.பி.எஸ். எரிந்தது, சவுண்டர் எரிந்தது, என்ர வயிறும் குளிர்ந்தது. சவுண்டரின் பின்பக்க மூடி மட்டும் பூட்டாமல் கிடந்தது.

அதற்குள் இராசண்ணை தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, மாவிலையால் மஞ்சள் தண்ணி தெளிக்கத் தொடங்கிவிட்டார். முன்பக்க அணியத்துக்குத் தெளித்தார், இஞ்சினுக்குத் தெளித்தார். "அண்ணை, அதுக்கு வேண்டாம்!" என்று நான் கத்தக் கத்த, புதுச் சாமானென்று சவுண்டருக்கு மட்டும் செம்போடு கவிழ்த்தார். திரை பால் போல வெளுத்தது. கழற்றிக் கொண்டுபோய், ஸ்பிரிற்றால் துடைத்து, காயவைத்து உயிர் கொடுக்க எனக்கு மூன்று நாள். அவர் ஆறுதலாகச் சொன்னது இது: "சாமிக்குத் தெளிக்கிற தண்ணிக்குத் தாங்காத சாமான் என்ன சாமான் பிள்ளை?"

பாட்டுக் கேட்டவர்கள்

பிறகுதான் பெரிய வில்லங்கம். மழை மூட்டத்தில் கரை தெரியாத ஒரு விடியல். ஜி.பி.எஸ். ஒரு பக்கம் காட்ட, போட்டில் முந்தியே இருந்த திசைகாட்டிக் கொம்பாஸ் இன்னொரு பக்கம் காட்டியிருக்கிறது. இராசண்ணையின் போட்டில் சுக்கான் பிடிக்கிற தேவன் பழகின கொம்பாஸை நம்பி, தெற்கே எங்கேயோ போய், எண்ணெய் முடிகிற நேரத்தில் அளம்பில் பக்கம் கரை தட்டினான். அவன்ர மனிசி மத்தியானம் வரைக்கும் கரையில் அழுதுகொண்டு நின்றாள். போட்டைத் திருப்பிக் கொண்டுவந்த உடனே இராசண்ணை ஆள் அனுப்பினார், பூட்டினதெல்லாத்தையும் கழற்றட்டாம்.

முழங்கால் தண்ணியில் போட் நின்றது. "நான் பூட்டின பிறகு வேற என்ன வைச்சனீங்கள்?" என்று தேவனைக் கேட்டேன். "ஒண்டுமில்லை அக்கா. பாட்டுக் கேக்க ஒரு ஸ்பீக்கர் மட்டும்." எங்கே? கொம்பாஸுக்குப் பின்னால், ஒட்டினாற்போல! ஸ்பீக்கருக்குள் இருக்கிற சிரட்டையளவு காந்தம் பக்கத்தில் இருந்தால் முள் வேறெங்கே பார்க்கும்? சொன்னேன், ஆரும் நம்பவில்லை. பாட்டுக்குத் திசை மாறுமோ என்று சிரித்தார்கள்.

பிள்ளையை இராசண்ணையின் கையில் திணித்தேன். "ஒருக்காப் பிடியுங்கோ அண்ணை." அவள் அவரின்ர மீசையைப் பிடித்துத் தொங்க, அவர் சுதாரிக்க முன்னம் நான் போட்டில் ஏறிவிட்டேன். ஸ்பீக்கரைத் தூர எடுத்தேன். முள் சுழன்று வந்து நின்றது. கிட்டக் கொண்டுவந்தேன், திரும்பவும் ஓடியது. தேவன் வாயைப் பிளந்தான். ஸ்பீக்கரைக் கரையில் இறக்கிவிட்டு, போட்டை ஒரு வட்டம் ஓட்டச் சொன்னேன். ஜி.பி.எஸ்ஸும் கொம்பாஸும் ஒரே திசையைக் காட்டின.

நனைந்த பாவாடையோடு இறங்கி வந்து நின்றேன், ஒரு நல்ல சொல் வருமென்று. இராசண்ணை பிள்ளையைத் தந்தார். தன்ர மற்றப் போட்டையும் நாளைக்கு வந்து பார்க்கச் சொன்னார். போகப்போனவர் திரும்பி நின்று சொன்னார்: "ஏறேக்க இடது காலை வைச்சனீர், நான் பாத்தனான். நாளைக்கு வலது காலை வைச்சு ஏறும் பிள்ளை."

கையால் செய்கிற வேலைக்குக் காலைப் பார்த்துப் பரீட்சைபோலப் புள்ளி போடுகிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான்.