கத்திரிக்கிளை கட்டிய பானை

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, கடலூரில் பஸ் ஏறிய அம்மாள் ஒருவர் என் பக்கத்து சீட்டில் மஞ்சள் கொத்தை வைத்தார். கசங்கிய இலையின் வாசனையில் நான் கீரப்பாளையத்து வீட்டுத் தோட்டத்துக்கே போய்விட்டேன்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது. அன்று போகி. என் பள்ளிக்கூட ஷூ கிழிந்திருந்தது. தோட்டத்தில் விளைந்ததை விற்றுத்தான் புதிது வாங்க வேண்டும். கத்திரிக்காய், வாழையிலை, மஞ்சள் மூன்றும் தயாராக இருந்தன. ஆனால் சிதம்பரம் பஸ்ஸில் ஒரு கூடைதான் ஏற்றுவார்கள்.

"கத்திரிக்காயப் பறிச்சுடுக்கா. அதுக்குத்தான் வெல ஜாஸ்தி," என்றார் அம்மாவின் தம்பி, என் மாமா.

"கத்திரி அடுத்த வாரமும் காய்க்கும்டா. பொங்கல் முடிஞ்சா மஞ்சக்கொத்த எவன் சீண்டுவான்?" என்றாள் அம்மா.

ஒன்று விடாமல் மஞ்சளைப் பிடுங்கினார்கள். மதியத்துக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஷூ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் பானையை அடுப்பில் ஏற்றும்போதுதான் தெரிந்தது, எங்களுக்கென்று ஒரு கொத்துகூட இல்லை.

"ஊருப் பானைக்கெல்லாம் கட்டிவுட்டு நம்ம பானைய மொட்டையா வுட்டுட்டியேக்கா," என்று மாமா சிரித்தார். அம்மா காயோடு ஒரு கத்திரிக்கிளையை ஒடித்து வந்து பானைக் கழுத்தில் கட்டினாள். புது ஷூவோடு அடுப்பைச் சுற்றி வந்தேன். அன்று மட்டும் யாரும் கழற்றச் சொல்லவில்லை.

எதை எப்போது அறுத்தால் லாபம் என்று விவசாயிகளுக்குச் சொல்லும் செயலியில் இப்போது வேலை செய்கிறேன். அதில் பண்டிகை நாட்களைச் சேர்த்தது நான்தான்.

சிதம்பரத்தில் இறங்கி அம்மாவுக்கு போன் செய்தேன்.

"மஞ்சக்கொத்து வாங்கிட்டு வரேம்மா."

"வாங்கிக்க. கத்திரிக்கிளைய நான் ஒடிச்சு வச்சுட்டேன்."