சின்னத்துரையும் கவ்வாத்துக் கத்தியும்

சிவலிங்கம் அண்ணன் இன்று காலை போய்விட்டார். அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள்...

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் அவர் எலக்ட்ரீஷியன், நான் ஆபீஸ் கிளார்க். பெருமையடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. அதில் பாதி உண்மையாக இருந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

2000களின் நடுவில், டிவியில் ரோபோக்கள் மோதிக்கொள்ளும் ஒரு வெள்ளைக்கார நிகழ்ச்சியைப் பார்த்தார். அடுத்த வாரமே ஒன்று செய்யத் தொடங்கிவிட்டார்.

லொறி வைப்பர் மோட்டர் இரண்டு, விளையாட்டுக் காரின் ரிமோட், பழைய தேயிலைப் பெட்டியின் தகரம். முன்னால் சுழலும் ஆயுதம், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அது அவருடைய மாமனாரின் கத்தி. மாமனாருக்குத் தெரியாது.

ரோபோவுக்குப் பெயர் சின்னத்துரை. "சத்தம் போட்டுக்கிட்டே சுத்தி வருது, வேலை ஒன்னும் செய்யல. வேற என்ன பேரு வைக்கிறது தம்பி?"

தோட்டத்தின் அசல் சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், ஒருநாள் வந்து பெயர் கேட்டார். "இன்னும் வைக்கலீங்க சேர்" என்றார் அண்ணன், முகம் மாறாமல்.

மலையில் ரோபோ வளர்ப்பது லேசில்லை. பனியில் துருப்பிடிக்கும், தேயிலைத்தூள் மோட்டரை அடைக்கும். சனிக்கிழமை தோறும் பிரித்து, ஊதி, எண்ணெய் போட்டுப் பூட்டுவார். வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் கவனிப்பு இல்லை என்று அண்ணி சொல்வார்.

வட்டவளையில் இன்னொரு ஃபெக்டரி எலக்ட்ரீஷியனும் ஒன்று செய்திருந்தார். மாதக்கணக்காகப் போனில் சவால்... கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மோதுவது என்று முடிவானது.

நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நேரம். பெட்டரி, வயர், ரிமோட், கத்தி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு, தமிழர் இருவர் பஸ் ஏறினோம். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று, ஹட்டனுக்கு முந்திய செக் பொயின்ட் வரும்வரை எங்களுக்குத் தோன்றவில்லை.

சாக்கைத் திறந்த சிப்பாய் பின்னால் நகர்ந்தார். பஸ் காலியானது. அந்த நாட்களில் உள்ளே போனால் எப்போது வெளியே வருவோம் என்று யாரும் சொல்ல முடியாது.

"மேக்க மொக்கத?" என்றார் அதிகாரி சிங்களத்தில். இது என்ன?

"செல்லம் படுவக் சேர்" என்றார் அண்ணன். விளையாட்டுச் சாமான்.

பிரித்துக் காட்டச் சொன்னார்கள். அண்ணன் ஆணி ஆணியாகப் பிரித்தார், பூட்டினார். கத்தியை மட்டும் மேசையில் வைத்துவிட்டார். அதிகாரி பூட்ஸ் காலை நீட்டினார். விளையாட்டு என்றால் விளையாடிக் காட்டு.

மோதுவதற்கென்றே பிறந்த சின்னத்துரை மெதுவாகப் போய்ப் பூட்ஸைத் தொட்டது. பின்வாங்கியது. மறுபடி தொட்டது, நாய்க்குட்டி மாதிரி. அதிகாரி காலால் புரட்டிவிட்டார். மல்லாந்து கிடந்து சக்கரங்களைச் சுழற்றியது.

முதலில் சிரித்தது அந்தச் சிப்பாய். பிறகு கண்டக்டர். பிறகு அதிகாரியே.

போகலாம் என்றார்கள். கத்தி மட்டும் அங்கேயே இருக்கட்டும்.

கத்தி இல்லாமல் வட்டவளையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எதிராளி ஊற்றிவைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம் தம்பி. மொத ஆட்டத்துல ஜெயிச்சோம்ல?" என்றார் அண்ணன்.

திரும்பும்போது அதே செக் பொயின்ட். பேசாமல் போய்விடலாம் என்று நான் கையைப் பிடித்தேன். "அண்ணே, கத்தி போனாப் போவுது, வாங்கண்ணே..."

"இந்த செக் பொயின்ட்ட தாண்டிரலாம்டா. வீட்டு வாசல்ல மாமனாரு நிப்பாரே?"

கையை உதறிவிட்டு இறங்கி, நேராக அதிகாரியிடம் போய்க் கேட்டார். கத்தியைத் தாளில் சுற்றிக் கொடுத்த அதிகாரி, ஆட்டம் என்னவானது என்று விசாரித்தார். தோற்றுவிட்டோம் என்று அண்ணன் சொன்னதும், அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறதாம், மகள் சொன்னாள். சின்னத்துரை கட்டிலுக்கடியில்.

போய் வாருங்கள் அண்ணே. இந்த முறை வழியில் யாரும் இறக்கிச் சோதிக்க மாட்டார்கள்.