முந்நூற்றுப் பத்து வோல்ட்

ஏப்ரல் 1996. காலை ஆறரை மணிக்குக் கோவை ஜங்ஷனில் இறங்கும்போதே எனக்கு அலுத்துவிட்டது. சென்னையிலிருந்து மேல் பர்த்தில் படுத்து வந்ததில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பது என் தொழில். நாடுகள் கூட்டுச் சேர்ந்து ஆப்பிரிக்காவில் கட்டிய சாலைகள், அணைகள், நீரேற்று நிலையங்களைப் பற்றி மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். அதில் பாதி, அலுவலக பெஞ்சுகளில் காத்திருந்தே போயிற்று.

என்னுடன் இறங்கியவர் பராக்கா, தான்சானியாவில் ஒரு பாசனத் திட்டத்தின் பொறியாளர். பயிற்சிக்கென்று டில்லி வந்தவர், லீவு போட்டுவிட்டுச் சென்னை வந்து என்னோடு ரயிலேறிவிட்டார். நம் நாட்டுக் கடனுதவியில் அங்கே போன கோவை மோட்டார்கள் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே எரிந்துபோயின. உள்ளூர் ஊழியர்களின் கவனக்குறைவு என்று அங்குள்ள திட்ட அலுவலகத்தில் அறிக்கையை முடித்து, அவற்றை இயக்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் பராக்காவின் தம்பி ஜுமா. அவன் மேல் தவறில்லை என்று மோட்டார் செய்தவர் வாயால் வரவேண்டும். பராக்கா வந்தது அதற்குத்தான்.

ஒன்பது மணி, பீளமேடு. ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசத் தெம்பில்லை. அந்த மோட்டார்களைச் செய்த கம்பெனியின் முதலாளி தங்கவேலு வாசலுக்கே வந்து கும்பிட்டார். நான் விஷயத்தைத் தொடங்கினேனோ இல்லையோ, கையமர்த்திவிட்டார்.

“ஏனுங்க டீச்சரம்மா, கடல் தாண்டி வந்த மனுசனை வெறும் வயித்தோட உக்கார வெச்சா பேசறது? கிணத்துக்கடவுல நம்ம தோட்டம் இருக்குதுங்க. சாப்டுப்போட்டுப் பேசிக்கலாமுங்க.”

இந்த ஊரில் இதை மறுக்க முடியாது. மறுத்தால் கோபிக்க மாட்டார்கள், வருத்தப்படுவார்கள். அது இன்னும் மோசம்.

பதினொரு மணிக்கு அம்பாசிடர் கிளம்பியது. உக்கடம் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜன்னலில் அனல் அடித்தது. தங்கவேலு வழியெல்லாம் தான்சானியாவின் மழையைப் பற்றியே கேட்டார். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. தோட்டத்தில் இலை போட்டு, போதும் போதும் என்றாலும் கேட்காமல் பராக்காவுக்கு மூன்றாம் முறை சோறு வைத்தார்கள்.

இரண்டு மணிக்கு யாரோ, “த்ரீ பேஸ் வந்திருச்சுங்கோ!” என்று கத்தினார்கள். பாசனத்துக்கான மின்சாரம் அங்கே முறை வைத்துத்தான் வரும். எல்லாரும் மோட்டார் அறைக்கு ஓடினோம். மோட்டார் சுகமாக ஓடியது. பராக்கா மட்டும் சுவரிலிருந்த வோல்ட் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். முள் முந்நூற்றுப் பத்தில் நின்றது.

“மீட்டர் பழுதா?” என்று கேட்டார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. எங்க கரண்டே இவ்வளவுதானுங்க. ஊருக்கெல்லாம் நானூத்திப் பதினஞ்சுன்னா நமக்கு இது. அதுக்குத் தக்கன உள்ளாற செப்புக் கம்பி சுத்துனாத்தான் மோட்டாரு இழுக்கும்” என்றார் தங்கவேலு, பெருமையாக.

பராக்கா திரும்பினார். “எங்களுக்கு அனுப்பியதும் இப்படிச் சுற்றியதுதானா?”

“ஆமாங்க! கேட்டது என்னவோ சாதா மோட்டாருதான். வெளிநாடு போறது, எந்தக் கரண்டுலயும் ஓடோணும்னு நாந்தான் சொல்லிச் சுத்த வெச்சேன்.”

“எங்கள் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீர்மின் நிலையம். முள் நானூற்றுப் பதினைந்தை விட்டு அசையாது.”

அதையும், அங்கே மோட்டார்கள் எரிந்து ஜுமாவுக்கு வேலை போனதையும் நான் சொல்லி முடித்ததும் தங்கவேலு அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டார். குறைந்த மின்சாரத்துக்குச் சுற்றிய மோட்டாருக்கு முழு மின்சாரம் கொடுத்தால் கருகாமல் என்ன செய்யும்?

“அடக் கடவுளே! நல்லா இருக்கட்டும்னு பாத்துப் பாத்துச் செஞ்சு, கருக்கிப்போட்டமேங்க. அத்தனையும் புதுசா அனுப்பி வெக்கறனுங்க, ஒரு பைசா வேண்டாம்.”

“மோட்டார் இருக்கட்டும். என் தம்பி எரிக்கவில்லை என்று சொல்லுங்கள்.”

“அவங்க ஆபீசுக்குச் சொன்னா அடுத்த ஆர்டர் போயிருமுங்க. என்னை நம்பி ஆளுக இருக்கறாங்க. தம்பிகிட்ட வேணும்னா நானே மன்னிப்புக் கேட்டுப்போடறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாகக் கோப்புகளில் ‘பங்காளி நாடு, பங்காளி நாடு’ என்று படித்துச் சலித்தவள் நான். பழியில் மட்டும் ஒருவரும் பங்குக்கு வரக் காணோம்.

நான்கு மணி. மெயின் ரோட்டு ஐ.எஸ்.டி. பூத்துக்குள் மூவரும் நெருக்கியடித்து நின்றோம். ஜுமா இப்போது ஒரு சிமென்ட் கடையில் மூட்டை எண்ணுகிறானாம், அந்தக் கடைக்குத்தான் போன். ஏழெட்டு முறை சுழற்றியபின் கிடைத்தது. தங்கவேலு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, தப்பு எங்களுதுங்க. உம்மேல ஒரு குத்தமுமில்லை.”

ரிசீவரை வாங்கி ஆங்கிலத்தில் சொன்னேன். ஜுமா நிதானமாகப் பதில் சொன்னான். அதைக் கொஞ்சமும் பூசி மெழுகாமல் தங்கவேலுவிடம் அப்படியே சொன்னேன்.

“அது அவனுக்கு அன்றைக்கே தெரியுமாம். தெரியாதவர்களிடம் சொல்லச் சொல்கிறான்.”

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். வெளியே காத்திருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். தங்கவேலு திரும்பவேயில்லை.

“டீச்சரம்மா, அவங்க பெரிய ஆபீசரு நம்பரு இவருகிட்ட இருக்குதுங்களா?”

நான் கேட்டேன். தம்பிக்காக எத்தனை முறை அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தாரோ, பராக்காவுக்கு அது மனப்பாடம். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். தங்கவேலு சுழற்றத் தொடங்கினார்.