பச்சை வெந்நீர்

நான் ஒரு முட்டாள். பாலில்லாத டீ டீயே அல்ல என்று நம்பிய முட்டாள்! அந்த நம்பிக்கையால் என் மனைவியின் உடம்பில் இரத்தம் ஊறவிடாமல் செய்தேன். செய்ததை மறைத்தும் வைத்தேன்.

சிரிக்காதீர்கள்... சரி, கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். தச்சநல்லூரில் என் துணிக்கடைக்கு வருகிறவர்கள் என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தாம். அதைக் கரைக்கத்தான் மாஞ்சோலை மலைத்தோட்டத்துப் பச்சைத் தேயிலையை வாங்கிவந்தேன்.

விடிகாலையில் வெறும் வயிற்றில் குடிப்பேன். வயிறு புரட்டும், நெஞ்சு படபடக்கும். மாலையிலும் ஒரு குவளை. பிறகு தூக்கம் ஏது? தொப்பை மட்டும் அசையவில்லை!

ஆனாலும் தூக்கமும் விழிப்பும் கலந்த அந்த அதிகாலைகள்... குவளையின் ஆவியைப் பார்த்தால், மணிமுத்தாற்றுக்கு மேலே மலையை மூடும் மேகம் அடுப்படிக்குள் இறங்கிவிட்டதாகத் தோன்றும். அதற்குள் என் செண்பகம் பைய நடந்து வருவாள், கால் தரையில் படாதவள் போல. அழகு என்று மயங்கினேன். அது இரத்தம் குறைந்து அவளுக்கு வந்த தலைச்சுற்றல்!

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி; உதிரப்போக்கு வேறு. இரத்தம் ஏறினால்தான் அறுவைசிகிச்சை. டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். செண்பகம் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இதை டீ காப்பியோட குடுத்திராதீங்க. தண்ணியிலதான் போடணும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பச்சைத் தேயிலையில் பால் இல்லை, சீனி இல்லை, இது நிறம் மாறிய வெந்நீர்தானே என்று தீர்ப்பெழுதினேன். தினமும் மாத்திரையோடு அதை நானே ஆற்றிக் கொடுத்தேன். அன்பாம்!

"கசக்குதுங்க."

"ஏட்டி, வெந்நின்னு நெனச்சுக் குடி. ரத்தம் ஊறுதது இனிக்குமா?"

இரத்தம் ஏறவில்லை. அறுவைசிகிச்சை தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "மாத்திரைய ஒழுங்கா போடுதீங்களாம்மா?" என்று டாக்டரம்மா அதட்டினார். "சத்தியமா போடுதேன்" என்று கலங்கியவள், சாட்சிக்கு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அவள் முன்னால் போய்விட்டாள். எனக்குப் பின்னால், அடுத்து வந்த பெண்ணிடம் டாக்டரம்மா சொல்வது கேட்டது: "கிரீன் டீயும் டீதாம்மா. மாத்திரையோட குடிச்சா சத்து சரியா உடம்புல சேராது."

கால் நின்றுவிட்டது. வாய்? நாள் முழுக்கக் கடையில் ஓயாத வாய்... அவளிடம் வழியெல்லாம் கடைக்கணக்கைப் பேசியது!

மறுநாள் வெறும் வெந்நீர் கொடுத்தேன்.

"இலை எங்க?"

"மாஞ்சோலையில ஆளெல்லாம் கீழ இறங்கிட்டாவ. இனி இலை ஏது?"

"பாவம், எங்கன போவாவளோ..." என்று பெருமூச்சு விட்டாள். தோட்டம் மூடப்பட்டு வீட்டை விட்டு இறங்கிய தொழிலாளர்களின் துயரத்தைக்கூட என் பொய்க்குப் போர்வையாக்கினேனே! மிச்ச இலை கடையில், துண்டுகளுக்கு அடியில் இருந்தது.

பைய இரத்தம் ஏறியது. அறுவைசிகிச்சையும் நல்லபடி முடிந்தது. நானும் தப்பித்தேன் என்றா நினைக்கிறீர்கள்? "என் உடம்புவாகு அப்படி. உங்களத்தான் வீணா அலைய வச்சிட்டேன்" என்று அவள் என்னிடம் வருந்துகிறாள். என்னிடம்!

நேற்றுக் காலை அது பொறுக்கவில்லை. அவள் வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்; ஆவிக்குள் அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. கனவில் பேசுவதுபோல் எல்லாவற்றையும் கொட்டினேன். "பாலில்லாதத டீன்னு எவன் சொல்லுவான்?" என்று கடைசியில் ஒரு நகைச்சுவையும் சேர்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

ஆவி விலகியது. அவள் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"கசக்குதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா."